ஒப்புமை விழுக்காட்டுக்கு அப்பால்: கல்விசார் நேர்மைப் பயிற்சி

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்காகக் கல்லூரிகளில் நடத்தப்படும் கல்விசார் நேர்மைக் கருத்தரங்குகள், ஒப்புமை காட்டும் மென்பொருளை இயக்குவது எப்படி, பத்து விழுக்காட்டுக்குள் அடங்குவது எப்படி என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. இது பயிற்சியாகுமா? முறையான பயிற்சியில் எவை இடம்பெற வேண்டும்?
— உதவிப் பேராசிரியர் ஒருவர்

பதில்: ஆகாது. மென்பொருளை இயக்கக் கற்பது பயிற்சியின் ஒரு சிறு பகுதி மட்டுமே; அதையே முழுமையாகக் கொள்வது விதியின் நோக்கத்தைத் தலைகீழாக்குவதாகும். உயர்கல்வி நிறுவனங்களில் கல்விசார் நேர்மையை வளர்ப்பதற்கும் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்குமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகள், தண்டனைகளை வகுப்பதற்கு முன்பாகவே பயிற்சி அளிக்கும் கடமையை நிறுவனத்தின்மீது சுமத்துகின்றன. பொறுப்பான ஆய்வு நடத்தை குறித்த விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் மாணவர், ஆசிரியர், ஆய்வாளர், பணியாளர் ஆகிய நால்வகையினருக்கும் ஒவ்வொரு பருவத்திலும் நடத்தப்பட வேண்டும் என்றும், நேர்மையின் அடிப்படைக் கொள்கைகள் இளநிலை, முதுநிலைப் பாடத்திட்டங்களிலேயே கட்டாயப் பகுதியாக அமைய வேண்டும் என்றும், ஆசிரியர்களுக்கான புத்தொளிப் பயிற்சிகளிலும் அவை சேர்க்கப்பட வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. மென்பொருட் பயிற்சி இந்த வரிசையில் ஒன்றாக இடம்பெறுகிறதே தவிர, அதன் தலைமைப் பொருளாக அன்று.

பத்து என்னும் எண்ணுக்கு இவ்வளவு செல்வாக்கு வந்ததற்குக் காரணம் தண்டனைப் படிநிலையே ஆகும். ஆய்வேட்டில் காணப்படும் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டை ஒப்படைக்கத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். தண்டிக்கப்படாத எல்லையை அனுமதிக்கப்பட்ட எல்லையாகப் படிக்கும் பழக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே ஒழுங்குமுறைகள், ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், உற்றுநோக்கல், முடிவுகள், பரிந்துரைகள் ஆகியவை முற்றிலும் சொந்தச் சிந்தனையாக, எவ்வித ஒப்புமையும் இன்றி இருக்க வேண்டும் என்று சொல்வதைக் கருத்தரங்குகளில் எடுத்துரைப்போர் குறைவு.

ஒப்புமை என்பது ஒரு படைப்பின் சொற்றொடர்கள் மென்பொருளின் தரவுத்தளத்தில் உள்ள பிற எழுத்துகளோடு எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்னும் கணக்கு. கருத்துத் திருட்டு என்பது பிறருடைய உழைப்பையோ சிந்தனையையோ சொற்களையோ தமதாகக் காட்டும் செயல். முன்னதை இயந்திரம் எண்ணிச் சொல்கிறது. பின்னதை அத்துறை அறிந்தவர் படித்துப் பார்த்தே தீர்மானிக்க இயலும். மூன்று விழுக்காடு மட்டுமே ஒப்புமை உள்ள ஓர் ஏட்டில் அந்த மூன்றும் மற்றொருவரின் முடிவுரையாக இருக்கக்கூடும். கூடுதல் ஒப்புமை காட்டும் மற்றோர் ஏட்டில் பொருந்தியவை அனைத்தும் சோதனை முறைகளை விவரிக்கும் வழக்கமான தொடர்களாக இருக்கக்கூடும்.

எண்ணைக் குறைப்பதே குறிக்கோளாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 2021-இல் பிரான்சைச் சேர்ந்த கணினி அறிஞர் கியோம் கபனாக்கும் அவருடைய குழுவினரும் வெளிக்கொணர்ந்த செய்தி வலுவான சான்றாகும். பிறர் கட்டுரைகளை எடுத்து, ஒப்புமை தெரியாதிருக்கும்பொருட்டுச் சொற்களைத் தானியங்கிக் கருவியால் மாற்றியதில், நிலைபெற்ற கலைச்சொற்கள்கூடப் பொருளற்ற தொடர்களாகச் சிதைந்து ஆய்விதழ்களில் அச்சேறியிருந்ததை அவர்கள் காட்டினர். செயற்கை நுண்ணறிவு என்பது போலிப் பிரக்ஞை என்று பொருள்படும் தொடராகவும், மார்பகப் புற்றுநோய் என்பது நெஞ்சத்து ஆபத்து என்று பொருள்படும் தொடராகவும் மாறியிருந்தன. இவற்றைச் சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள் என்று அவர்கள் பெயரிட்டனர். விழுக்காட்டைக் குறைக்கும் உத்திகளைக் கற்பிக்கும் எந்தக் கருத்தரங்கும், தன்னை அறியாமலே, இத்தகைய எழுத்துக்குத்தான் பயிற்சி அளிக்கிறது.

தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளுக்கு இந்த எண் இன்னும் குறைவாகவே நம்பத்தக்கது. ஒருங்குறி பரவலாவதற்கு முன் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை கணினிக்குள் ரோமன் எழுத்துகளின் வரிசையாகவே சேமிக்கப்பட்டிருப்பதால், அவற்றிலிருந்து எடுத்து ஒருங்குறியில் எழுதப்பட்ட பத்தியை நேரடிச் சொற்பொருத்தம் கண்டுபிடிக்காது. அச்சு நூலாக மட்டுமே உள்ளவை தரவுத்தளத்துக்கே வருவதில்லை. ஆங்கிலக் கட்டுரையொன்றை மொழிபெயர்த்துச் சொந்தக் கருத்தாக வைப்பதும் எளிதில் அகப்படுவதில்லை. பொது அறிவு என்றும் தற்செயல் என்றும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரை விலக்கு அளிக்கும் விதியும் மொழி வேறுபாட்டைக் கருதவில்லை. வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒரே சொல்லுக்குள் அடங்கும் தமிழில் 14 சொற்கள் கொண்ட தொடர் ஒரு முழு வாதத்தையே தாங்கிவிடும். ஆகவே தமிழ்த் துறைகளில் பயிற்சியின் தேவை மற்றத் துறைகளைவிடக் கூடுதல் என்றே கொள்ள வேண்டும்.

முறையான பயிற்சி கைப்பழக்கமாக அமைய வேண்டும். படிக்கும்போதே குறிப்பெடுக்கும் முறை அதன் முதற்படி: பிறருடைய சொற்களை மேற்கோள் குறிக்குள்ளும், அவர் கருத்தின் சுருக்கத்தைத் தனியாகவும், படிப்பவரின் சொந்த எண்ணத்தை வேறோர் இடத்திலும், பக்க எண்ணோடு எழுதிவைக்கும் பழக்கம் இல்லாதவர், இரண்டு ஆண்டு கழித்து எது தம்முடையது என்று பிரித்தறிய முடியாமல் தவிப்பது இயல்பே. அடுத்தது, ஒரு பத்தியைப் படித்து, நூலை மூடிவைத்து, அதன் கருத்தைத் தம் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டு, ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் பெறுவது. மூலத்தின் வாக்கிய அமைப்பை வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றும் எழுத்தை ஒட்டெழுத்து என்று கூறலாம். இது தொடக்கநிலை மாணவர்களிடம் பெரும்பாலும் வஞ்சகத்தால் அன்றி, பொருள் முழுமையாகப் பிடிபடாததால் நேர்கிறது என்று இத்துறையில் ஆராய்ந்தோர் கருதுகின்றனர். கற்பித்துத் தீர்க்க வேண்டிய இக்குறையைத் தண்டித்துத் தீர்க்க முற்படுவது ஆசிரியப் பணிக்கு ஏற்றதன்று.

இப்பயிற்சியை முனைவர் பட்டப் பதிவு வரை தள்ளிவைப்பது மிகப் பெரிய தவறாகும். மானியக் குழு 2019-இன் இறுதியில் ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைகள் குறித்த 2 மதிப்பலகு கொண்ட, 30 மணி நேரப் பாடத்தை ஆய்வு மாணவர் அனைவருக்கும் கட்டாயமாக்கியது நல்ல முயற்சிதான். ஆனால் அதற்கு முன்பே ஒரு மாணவர் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, செய்யாத சோதனைக்கு அளவீடுகளை எழுதி, கையொப்பமும் மதிப்பெண்ணும் பெற்றுப் பல பருவங்களைக் கடந்து வந்திருக்கிறார். அளவீட்டை நோட்டிலிருந்து எடுக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் கற்றவருக்கு, தரவைப் புனைவது குற்றம் என்று பின்னாளில் விரிவுரையால் விளக்கிப் பயனில்லை. எதிர்பார்த்த விடை வராத சோதனையையும் வந்தபடியே எழுதுபவருக்கு முழு மதிப்பெண் உண்டு என்று முதல் பருவத்திலேயே அறிவிக்கும் துறை, பல கருத்தரங்குகளுக்கு ஈடான பணியைச் செய்துவிடும்.

கேள்வி: தவறு செய்வோர் மாணவர்கள் என்றிருக்க, ஆசிரியர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் இப்பயிற்சி எதற்கு?
— கல்லூரி நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர்

பதில்: கேள்வியின் அடிப்படையே திருத்தப்பட வேண்டும். ஒழுங்குமுறைகள் ஆசிரியர்களின் வெளியீடுகளுக்கும் தண்டனை வகுத்துள்ளன. ஒப்புமை 40 விழுக்காட்டுக்கு மேல் சென்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதோடு, ஓர் ஆண்டு ஊதிய உயர்வும், இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய ஆய்வு மாணவரை ஏற்கும் உரிமையும் இழக்கப்படும். 60-க்கு மேல் சென்றால் இரண்டு ஊதிய உயர்வுகளும், மூன்று ஆண்டுகளுக்கு அவ்வுரிமையும் இழக்கப்படும்.

மென்பொருளுக்கு அறவே புலப்படாத தவறுகளும் ஆசிரியர் தரப்பில் உண்டு. ஆய்வில் பங்கேற்காத துறைத் தலைவரின் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பது, உழைத்த மாணவரின் பெயரைப் பின்னுக்குத் தள்ளுவது அல்லது விட்டுவிடுவது ஆகியவை அவற்றுள் தலையானவை. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நூலாசிரியர் தகுதிக்கு நான்கு நிபந்தனைகளை வைத்துள்ளது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ அறிவார்ந்த முறையில் திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், படைப்பு முழுமைக்கும் பொறுப்பேற்றல். நான்கும் ஒருங்கே நிறைவேற வேண்டும். பணம் திரட்டியதோ பதவியில் இருப்பதோ போதாது. கைடின் பெயர் தானாகவே சேரும் என்னும் வழக்கத்தை இந்த அளவுகோலால் ஆராயும் துணிவு துறைக்கு வேண்டும்.

விசாரணை நடத்துவோருக்கும் பயிற்சி தேவை. புகார் முதலில் துறை அளவிலான நேர்மைக் குழுவுக்குச் செல்கிறது. துறைத் தலைவர், வேறு துறையைச் சேர்ந்த மூத்த கல்வியாளர், மென்பொருளில் தேர்ந்தவர் ஆகிய மூவர் அடங்கிய அக்குழு 45 நாட்களுக்குள் நிறுவன அளவிலான குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பைக் கேட்பது, ஒப்புமை அறிக்கையை வரிவரியாகப் படிப்பது, பெயர்களை வெளியிடாமல் காப்பது ஆகியவற்றைப் பழகாத குழு, அறிக்கையின் முதற்பக்கத்து எண்ணைத் தீர்ப்பாக எழுதிவிடும் ஆபத்து பெரிது. நூலகர்களோ இப்பணியில் ஏற்கெனவே முன்னணியில் இருப்பவர்கள். ஆய்வேடுகளைச் சோதிப்பதும், இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்கா என்னும் தேசிய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றுவதும் பல இடங்களில் அவர்கள் பொறுப்பிலேயே உள்ளன. அவர்களைக் கருவி இயக்குபவர்களாக மட்டும் நடத்தாமல் பயிற்றுநர்களாகவே அமர்த்துவது நலம்.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்டு மெக்கேப், லிண்டா டிரெவினோவுடன் இணைந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் ஒருவர் ஏமாற்றுவதோடு மிக வலுவான தொடர்பு கொண்டிருந்தது அவருடைய சக மாணவர்களின் நடத்தையே என்பது தெரியவந்தது. நேர்மை என்பது தனிமனிதக் குணமாக மட்டும் இல்லாமல் சூழலின் விளைவாகவும் இருக்கிறது என்பதே இதன் பொருள். அச்சூழலை உருவாக்குவோரை விட்டுவிட்டு மாணவரை மட்டும் பயிற்றுவிப்பது பலன் தராது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்ட அசைன்மென்ட்டுகளையும், புராஜெக்ட் சென்டர்களில் விலைக்கு வாங்கப்படும் திட்ட அறிக்கைகளையும் பயிற்சியால் தடுக்க முடியுமா?
— பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர்

பதில்: கண்டறியும் கருவியை நம்பி இவற்றைத் தடுக்க முடியாது என்பதை முதலில் ஏற்க வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே, இயந்திர எழுத்தை இனங்காணத் தான் உருவாக்கிய கருவியைத் துல்லியம் போதாமையால் 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துச் சோதித்தபோது, மனிதர்களே எழுதிய அக்கட்டுரைகளைக் கருவிகள் சராசரியாக அறுபது விழுக்காட்டுக்கு மேல் இயந்திர எழுத்து என்று தவறாகக் குறித்தன. தமிழ்வழி படித்து வந்து, குறைந்த சொல்வளத்தோடு ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்மீது இத்தகைய கருவியின் தீர்ப்பை ஏற்றுவது பெரும் அநீதியாகும்.

விலைக்கு எழுதித் தரும் தொழிலை ஆஸ்திரேலியா 2020-இலும் இங்கிலாந்து 2022-இலும் சட்டத்தால் தடை செய்தன. வகுப்பறையில் செய்யத்தக்கது வேறு: திட்டத்தின் முன்மொழிவு, இடைக்கால வரைவுகள், தோற்றுப்போன முயற்சிகளின் பதிவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் பகிர்ந்தளித்து, இறுதியில் வைவாவில் ஒவ்வொரு பகுதியையும் மாணவரே விளக்கும்படி கேட்பது. எந்தெந்தப் பணிக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தியதை எவ்வாறு தெரிவிக்க வேண்டும் என்பதை ஆசிரியர் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் தர வேண்டும். எழுதப்படாத விதியை மீறியதாக ஒருவரைத் தண்டிப்பது முறையன்று.

பருவந்தோறும் பயிற்சி நடத்துவது நிறுவனம் விரும்பினால் செய்யும் உதவியன்று, 2018-ஆம் ஆண்டு விதி சுமத்திய கடமை. தம் துறையில் அது நடைபெறவில்லையெனில் மாணவரும் ஆசிரியரும் அதைத் துறைத் தலைவரிடம் எழுத்து மூலமாகவே கேட்க வேண்டும்.