அரசியலுக்கு வரும் பேரனுக்கு

சட்டமன்றத்துக்கு நிற்க ஆசை என்று சொன்னாய், தம்பி. தோட்டக் கமிட்டிச் செயலாளராகவே கிழவனானவன் நான். என் தப்புகளிலிருந்து ஐந்து சொல்கிறேன், கேள்.

1. பி. பி. நாராயணன் ஐயாவைத் தெரிந்துகொள். 1923-இல் கேரளத்தில் பிறந்து, இளவயதில் மலாயாவுக்கு வந்த மலையாளி. நம் நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்களிடம்தான் சங்க வேலை பழகினார். பிறகு கூட்டரசுச் சட்டமன்றத்தில் உட்கார்ந்தார். 1975-இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கே தலைவரானார். அவர் மலையாளி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஜனமோ பெரும்பாலும் தமிழர்கள். சந்தா கட்டுகிறவன் உன் பூர்வீகத்தைக் கேட்க மாட்டான், வேலை நடந்ததா என்றுதான் கேட்பான்.

2. நாற்காலிக்காகக் கூட்டத்தை உடைக்காதே. 1954-இல் தனித்தனிச் சங்கங்கள் ஒன்றாகித்தான் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனது. நானோ மாரியம்மன் திருவிழாத் தலைமைக்காக ஒரு கமிட்டியை இரண்டாக்கினேன். அந்த வருஷம் முழுக்க லயத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கேட்கப் போக ஆளில்லை, இரண்டு தலைவர்கள் மட்டும் இருந்தோம்.

3. கையில் வாங்கிய தாளை அன்றைக்கே அனுப்பு. பால்மரம் வெட்டும் ஓர் அக்காள், பிஸ்கட் டின்னில் மடித்து வைத்திருந்த காகிதங்களைக் குடியுரிமை மனுவுக்காக என்னிடம் தந்தாள். 'நாளைக்குப் பார்ப்போம்' என்று மேசைக்குள் போட்டேன். மேடையில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், கழுத்தில் விழும் மாலைக்கு மயங்கிவிட்டேன். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றானது. அவளுக்குக் கிடைக்கவில்லை. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போனாள், பிறந்ததிலிருந்து பார்த்திராத ஊருக்கு. போகும்போது என்னைத் திட்டக்கூட இல்லை. வாளியையும் உளியையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு, 'வரேன் தம்பி' என்றாள். அந்த டின் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

4. விடியுமுன், தொழிலாளர்களை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நில். பேசாதே, கேள்.

5. ஓட்டு இல்லாதவனையும் பார். பகாவ் பக்கம் நம் லயங்களில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். போன வாரம் ஒருவன் கடைவாசலில் என்னிடம் ஒரு தாளை நீட்டினான். கண்ணாடி எடுத்துப் போகவில்லை, படிக்க முடியவில்லை. சனிக்கிழமை நீ வரும்போது, சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வா.