ஐஜிஎஸ்டி வீண்போகும் வரியா?

கேரள எல்லையில் பாறசாலை, இஞ்சிவிளை, பனச்சமூடு பக்கத்துப் பலசரக்குக் கடைகளில் ஒரு பேச்சு இன்னும் சாகவில்லை: “தமிழ்நாட்டு பில்லில் வருகிற ஐஜிஎஸ்டி நமக்குக் கிடைக்காது. டாலி மென்பொருளில் அதைப் பாதிப்பாதியாக்கி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று போட்டால்தான் கழிக்கலாம்.” இரண்டுமே தப்பு. கணக்கு எழுதிப் பிழைப்பவர்களே இதைப் பரப்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பயம் வந்த இடம் தெரியும். ஜிஎஸ்டிக்கு முன் தமிழ்நாட்டுக் களியக்காவிளையிலிருந்து சரக்கு எடுத்தால் மத்திய விற்பனை வரி. சி படிவம் கொடுத்தால் 2 சதவீதம். அதைக் கேரள வாட் வரியில் கழிக்க வழியில்லை, கொடுத்தது போனதுதான். பலசரக்கைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்தின் காலம் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்தது. அமரவிளையில் வணிகவரிச் சோதனைக்கு லாரிகள் காத்துக்கிடந்த காலமும் போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை.

இன்றைய விதி என்ன? வாங்கும்போது கொடுத்த ஐஜிஎஸ்டியை, அதாவது ஐஜிஎஸ்டி இன்புட்டை, முதலில் ஐஜிஎஸ்டி பாக்கிக்குக் கழிக்க வேண்டும். மிச்சத்தை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டுக்கும் எந்த வரிசையிலும் எந்த அளவிலும் கழிக்கலாம்; 2019-இல் வந்த விதி 88ஏ இதைத் தெளிவாகவே சொல்கிறது. சிஜிஎஸ்டி இன்புட்டோ எஸ்ஜிஎஸ்டிக்கு உதவாது. ஆக, மூன்றில் அதிகம் கைகொடுப்பதே நீங்கள் பயப்படும் ஐஜிஎஸ்டிதான்.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை அரிசி 10,000 ரூபாய், வரி இல்லை. தேங்காய் எண்ணெய் 8,000, வரி 5 சதவீதம், 400. வாஷிங் பவுடர் 5,000, வரி 18 சதவீதம், 900. ஐஜிஎஸ்டி மொத்தம் 1,300. உங்கள் விற்பனையில் சிஜிஎஸ்டி 800, எஸ்ஜிஎஸ்டி 800 கட்ட வேண்டியிருந்தால், 1,300-ஐயும் கழித்து 300 ரூபாய் கட்டினால் போதும். இதையே 650, 650 என்று பிரித்துப் போட்டால், விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர் 2பி-யில் ஐஜிஎஸ்டி 1,300 என்று நிற்கும். உங்கள் ரிட்டர்னில் வேறொன்று இருக்கும். நோட்டீஸை நீங்களே கேட்டு வாங்குகிறீர்கள்!

டாலியில் இது ஒரே வவுச்சர் வேலை. விற்றவரின் லெட்ஜரில் மாநிலம் தமிழ்நாடு என்றிருக்க வேண்டும். அவருடைய ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும், உங்களுடையது 32-இல். வரி விகிதத்தை ஒவ்வொரு சரக்கின் பெயரிலும் போடுங்கள். ஐஜிஎஸ்டி லெட்ஜரில் சதவீதம் எழுதாதீர்கள். சரக்கிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். விகிதத்துக்கு ஒரு வவுச்சர் என்று பில்லைத் துண்டுபோடுவது வெட்டி வேலை. பிறகு 2பி-யோடு ஒப்பிடும்போது எதுவும் பொருந்தாது.

வரி நிஜமாகவே போகும் இடம் ஒன்று உண்டு. களியக்காவிளைக் கடையில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைச் சொல்லாமல் வாங்கினால், கடைக்காரர் சிஜிஎஸ்டியும் தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டியும் போட்டு பில் தருவார். அந்த வரி உங்கள் கேரளப் பதிவுக்கு வராது. இப்படிப் பணத்தை இழந்துவிட்டு ஐஜிஎஸ்டியைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

வரியில்லா அரிசியை எழுத வேண்டாம் என்பதும் தவறு. ஜிஎஸ்டிஆர் 3பி ரிட்டர்னில் அதற்குத் தனி இடம் இருக்கிறது. பில்லில் சேர்த்த வண்டிக்கூலிக்கு வரி இல்லை என்பதும் தவறு. சரக்கின் வரியே அதற்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இன்புட் இல்லை என்பது மட்டும் உண்மை.

இந்தப் புரளியை நம்பி பில்லே இல்லாமல் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கும் சொல்கிறேன். வழியில் பிடித்தால் அபராதம் வரித்தொகையைப் போல இரண்டு மடங்கு. பில்லைப் பையில் திணித்து வைத்து 19-ஆம் தேதி ராத்திரி கணக்கரிடம் கொட்டும் பழக்கத்தையும் விடுங்கள். வீட்டில் டாலி படித்த பிள்ளை இருந்தால் வாரம் ஒரு நாள் கடையில் உட்கார வையுங்கள், அதற்குச் சம்பளமும் கொடுங்கள். மாதம் 14-ஆம் தேதி 2பி வந்துவிடும். அதைத் திறந்து பில்லோடு ஒப்பிடுங்கள். ஒரு நிதியாண்டில் விட்டுப்போன இன்புட்டை எடுக்க, அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் அவகாசம். ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே கொடுத்துவிட்டால் அன்றோடு சரி.