நாய், பூனைகளுக்குத் தெள்ளு மருந்தும் குடற்புழு மருந்தும் இடும் முறை

திருவண்ணாமலை ஜில்லாவில் கறவை மாடும் உழவு மாடும் உள்ள வீடுகளில், களத்தையும் தொழுவத்தையும் காக்க ஒரு நாயும், தானியத்தை எலியினின்று காக்க ஒரு பூனையும் இருப்பது வழக்கம். ஆடு மேய்ப்போர் பட்டிக் காவலுக்கு இரண்டு மூன்று நாய்கள் வைத்திருப்பர். இப்பிராணிகள் பகலில் குழந்தைகளோடு திண்ணையில் கிடந்து, இரவில் மாடுகளோடு தொழுவத்தில் படுப்பவை. ஆகவே இவற்றின் உடலிலுள்ள தெள்ளும் உண்ணியும், குடலிலுள்ள புழுக்களும் குடும்பத்தார் அனைவரையும் பற்றிய விஷயமாகின்றன.

இவற்றை ஒழிக்கும் மருந்துகள் இக்காலத்தில் கடைகளில் எளிதாய்க் கிடைக்கின்றன. எனினும், பூச்சியைக் கொல்லும் எம்மருந்தும் அளவு மீறினால் விஷமே. சிலர் அவ்விஷத்திற்கு அஞ்சி மருந்தே இடுவதில்லை. வேறு சிலர், மாட்டிற்கு வாங்கியதில் மீந்ததை நாயின்மேல் ஊற்றிவிடுகின்றனர். இரண்டும் தீங்கானவை. 'இம்மருந்து நல்லதா?' என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. 'இந்தப் பிராணிக்கு, இந்த வயதில், இந்த எடைக்கு, இம்மருந்து தகுமா?' என்று கேட்பதே முறை. அதற்கு விடை காணும் வழியை இங்கே கூறுவோம்.

மருந்திடாமையால் வரும் தீங்கு

தராசின் ஒரு தட்டில் மருந்தின் அபாயத்தை வைப்பவர்கள், மறு தட்டில் புழு பூச்சிகளின் அபாயத்தையும் வைத்துப் பார்க்கவேண்டும்.

உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாய் நாயின் கருப்பையிலேயே குட்டிகளைப் பற்றிவிடுகின்றன. ஆதலால் நேற்றுப் பிறந்த குட்டிக்கும் புழு இருக்கக்கூடும். கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுவது. இது மிகுந்த குட்டியின் ஈறு வெளுத்து, சில நாளில் உயிர் போவதும் உண்டு. இதன் முட்டைகள் ஈரமணலில் பொரிந்து, வெறுங்காலோடு நடப்போரின் தோலினுள் நுழைந்து, கோடு கோடாய் ஊரும் அரிப்பை உண்டாக்குகின்றன. உருண்டைப்புழுவின் முட்டை மண்ணோடு குழந்தைகளின் வாயில் சேர்ந்தால், அதன் இளம்புழு ஈரலுக்கும் கண்ணுக்கும் செல்லக்கூடும்.

அறுத்த ஆட்டின் குடலையும் ஈரலையும் பச்சையாய்த் தின்னும் நாய்களிடம் ஒருவகைச் சிறு நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டை மனிதருக்குச் சேர்ந்தால், ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் தோன்றுகின்றன. இன்னொருவகை நாடாப்புழு, நாய் தன் உடலைக் கடிக்கையில் விழுங்கும் தெள்ளின் வழியாகவே பரவுகிறது. ஆகவே தெள்ளை ஒழிக்காது நாடாப்புழுவிற்கு மட்டும் மருந்து கொடுத்தால், சில வாரங்களில் புழு திரும்ப வரும். உண்ணியோ, இரத்த அணுக்களை அழிக்கும் காய்ச்சல்களை நாய்க்கு நாய் பரப்புவது. ஆதலின் மருந்தை அறவே விலக்குதல் பத்திரமான வழியாகாது.

ஒன்றிற்கு அமுது, மற்றொன்றிற்கு நஞ்சு

ஒரு பிராணிக்கு ஒத்த மருந்து மற்றொன்றிற்கு ஒவ்வாமல் போவதற்கு, இந்தியாவில் யாவரும் கண்ட உதாரணம் ஒன்று உண்டு. மாடுகளின் வலிக்கும் வீக்கத்திற்கும் டைக்ளோபினாக் என்னும் மருந்து வெகுவாய் வழங்கி வந்தது. மாட்டிற்கு அது குணம் செய்தது. ஆனால் அம்மருந்து ஏறிய மாடு இறந்தபின் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள், சிறுநீரகம் கெட்டு மடிந்தன. கூட்டங் கூட்டமாய்ப் பறந்த கழுகுகள் அருகிப்போனதற்கு இதுவே முக்கிய காரணம் என்பது 2004ல் வெளிவந்தது. 2006ல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது.

வீட்டுப் பிராணிகளிலும் அவ்வாறே. பெர்மெத்ரின் என்னும் தெள்ளு மருந்தை நாயின் உடல் எளிதில் சிதைத்து வெளியேற்றும். பூனையின் ஈரலுக்கு அச்சக்தி மிகக் குறைவு. நாய்க்குரிய பெர்மெத்ரின் துளிகளைப் பூனையின் பிடரியில் இட்டால், அது நடுங்கி, வலிப்புக் கண்டு இறக்கக்கூடும். மருந்திட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுத்தாலும், நாயை நக்கினாலும் தீங்குண்டு. இரண்டும் உள்ள வீட்டில் இத்தகைய துளிமருந்து இட்டால், மூன்று நாளேனும் அவற்றைப் பிரித்து வைக்கவேண்டும்.

நாய்களுக்குள்ளும் பேதம் உண்டு. ஐவர்மெக்டின் என்னும் மருந்து 1981 முதல் கால்நடைகளுக்கு வழங்கி வருகிறது. அதைக் கண்டறிந்த ஓமுரா, கேம்பெல் என்னும் இருவருக்கும் 2015ல் நோபெல் பரிசு கிடைத்தது. இத்தகைய சிறந்த மருந்தும், கோலி என வழங்கும் சீமை மேய்ப்பு நாய்களிற் பலவற்றிற்கு ஆகாது. மருந்தை மூளைக்குள் புகவிடாது தடுக்கும் ஏற்பாடு அந்நாய்களில் பிறவியிலேயே பழுதாய் இருப்பதுதான் காரணம் என்பது 2001ல் அறியப்பட்டது. கலப்பின நாயின் மூதாதை இன்னதென்று தோற்றத்தால் சொல்ல முடியாதாகையால், இம்மருந்தைத் தாமே இடாதிருப்பது நலம்.

அளவே பிரதானம்

நம் வீடுகளில் உள்ள பெரிய அபாயம் மாட்டு மருந்துப் புட்டியே. ஒரு கணக்கைப் பார்ப்போம். மாடுகளுக்கு ஊசியாய்ப் போடும் ஐவர்மெக்டின் மருந்தில் 1 மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் சத்து உண்டு. மாட்டிற்குரிய அளவு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம். ஆகவே 1 மில்லிலிட்டர் மருந்து 50 கிலோ எடைக்குப் போதும். 300 கிலோ மாட்டிற்கு 6 மில்லிலிட்டர்.

அதே புட்டியிலிருந்து 2 கிலோ எடையுள்ள நாய்க்குட்டிக்கு 'கொஞ்சம்தானே' என்று 1 மில்லிலிட்டர் ஏற்றினால், மாட்டிற்குரியதைப்போல் 25 மடங்கு விஷம் அக்குட்டியினுள் செல்கிறது. மாட்டின் வீதப்படியே கொடுப்பதாயினும், அக்குட்டிக்கு ஒரு மில்லிலிட்டரில் 25ல் ஒரு பங்கே ஆகும். அவ்வளவு சிறிய பங்கை மாட்டு ஊசிக்குழலில் அளக்க இயலாது. நாயின் இருதயப்புழுவைத் தடுக்க மாதம் ஒருமுறை கொடுக்கும் அளவோ, கிலோவிற்கு 6 மைக்ரோகிராம் மட்டுமே.

எல்லா மருந்தும் நாய்க்குக் குறைவாகவே வேண்டும் என்று இதனால் எண்ணிவிடலாகாது. பென்பெண்டசோல் என்னும் குடற்புழு மருந்து மாட்டிற்குக் கிலோவிற்கு 5 மில்லிகிராம் ஒருமுறை கொடுக்கப்படுகிறது. நாய்க்கோ கிலோவிற்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் கொடுக்கவேண்டும். ஒன்றில் நாய்க்கு வெகு குறைவு, மற்றொன்றில் பத்து மடங்கு மிகுதி. மாட்டின் அளவைக் கொண்டு நாயின் அளவை ஊகித்தல் ஆகாதென்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுத்தே அறியவேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு மூட்டை நிறுக்கும் தராசில் நின்று பார்த்து, பின் தாம் மட்டும் நின்று பார்த்துக் கழித்தால், நாயின் எடை வரும். சிறு குட்டியைக் கூடையிலிட்டுக் கடைத் தராசில் நிறுக்கலாம்.

சிறிய நாய்களில் இக்கவனம் மிகவும் தேவை. துளிமருந்துகளால் நேர்ந்த தீங்குகள் பெருகியதை முன்னிட்டு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2009ல் விசாரணை தொடங்கி, 2010ல் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய 4½ முதல் 9 கிலோ எடையுள்ள சிறு நாய்களே மிகுதியும் பாதிக்கப்பட்டன என்றும், நாய் மருந்தைப் பூனைக்கு இட்டதால் பல தீங்குகள் விளைந்தன என்றும் அதில் தெரிந்தது.

புதிய மாத்திரைகள்

தெள்ளிற்கும் உண்ணிக்கும் வாய்வழி கொடுக்கும் புதிய மாத்திரைகள் சுமார் பத்தாண்டுகளுக்கு மேலாக வழக்கில் உள்ளன. அபாக்சோலானர் ஒரு மாதமும், புளூரலானர் ஏறக்குறைய 12 வாரமும் காப்பவை. குளிப்பாட்டினாலும் இவற்றின் பலன் போகாது. குழந்தைகள் நாயைத் தொடுவதால் மருந்து கையில் ஒட்டுவதுமில்லை. ஆயினும் சில நாய்களுக்கு இவற்றால் நடுக்கமும், தள்ளாட்டமும், வலிப்பும் காணக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு இவை தீங்கற்றவை என்பதும் அந்நிர்வாகத்தின் கருத்தே. முன்பு வலிப்புக் கண்ட நாயாயின், அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். பல வாரம் நிற்கும் மருந்தை ஒருமுறை விழுங்கியபின் திரும்ப எடுக்க வழியில்லை.

வீட்டு வைத்தியமும் வயல் மருந்தும்

கடை மருந்திற்கு அஞ்சுவோர் கைவைத்தியத்தை நாடுகின்றனர். இயற்கையில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றதாகிவிடாது. புகையிலைக் கஷாயத்தில் உள்ள நிக்கோடின் கொடிய விஷம். தேங்காயெண்ணெயில் கற்பூரம் கலந்து பூசினால், அது தோல்வழி ஏறியும் நக்குவதால் உட்சென்றும் வலிப்பை வருவிக்கும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கி, நுரையீரலையும் கெடுக்கும். புழுவிற்கென்று பூண்டு கொடுப்பது நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

பயிருக்குத் தெளிக்கும் மருந்துகளைப் பிராணிகளின்மேல் ஒருபோதும் இடலாகாது. பயிர் மருந்தில் சேர்க்கும் எண்ணெய்களும் கரைப்பான்களும் தோலுக்கு ஏற்றவையல்ல. முன்னாளில் நாய்களுக்குத் தூவிவந்த பி.எச்.சி. தூள், 1997ல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. பழைய டப்பா எங்கேனும் பரணில் கிடந்தால், அதைத் தொடாமல் வேளாண் அலுவலரிடம் தெரிவிக்கவும்.

2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் குழந்தைகளுக்குத் தரும் அல்பெண்டசோல் மாத்திரையையும் நாய்க்குக் கொடுக்கலாகாது. நாய் பூனைகளுக்கு அது எலும்பு மச்சையைக் கெடுத்து, இரத்தம் ஊறுவதைத் தடுக்கக்கூடும். சினையுற்ற பிராணியின் கருவிற்கும் ஆகாது.

மருந்தைக் குறைக்கும் வழி

தெள்ளின் வாழ்க்கையை அறிந்தால் மருந்தின் செலவும் அபாயமும் குறையும். நாயின்மேல் காணும் தெள்ளுகள், அவ்விடத்துள்ள மொத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஐந்து பங்கே. எஞ்சிய 95 பங்கும் முட்டையாகவும், புழுவாகவும், கூட்டுப்புழுவாகவும் நாய் படுக்கும் சாக்கிலும், திண்ணை வெடிப்பிலும், தொழுவத்து மண்ணிலும் இருக்கின்றன. ஒரு பெண்தெள்ளு நாளொன்றிற்கு 40 முட்டை வரை இடும். அவை வழுக்கி நிலத்தில் விழும். ஆகையால் மருந்திட்ட மறுவாரமே தெள்ளு காணப்பட்டால், மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி மீண்டும் மீண்டும் இடுதல் கூடாது. நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி வெயிலில் காயவிடுக. படுக்குமிடத்தைப் பெருக்கி, அக்குப்பையை எரித்துவிடுக. வெடிப்புகளை அடைத்துப் பூசுக. தெள்ளுச் சீப்பால் வாரி, வந்தவற்றைச் சோப்பு நீரில் போடுக. மூன்று வாரம் முதல் சில மாதம் வரை இம்முயற்சி தொடரவேண்டும்.

குடற்புழு மருந்தைக் குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்தில் தொடங்கி, எட்டாம் வாரம் வரை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கொடுப்பது முறை. பைரண்டெல் உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் நீக்கும். நாடாப்புழுவிற்குப் பிரசிகுவாண்டெல் வேண்டும். ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாது. வளர்ந்த நாய்களின் மலத்தைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்து, உள்ள புழுவிற்கே மருந்து கொடுப்பது சிக்கனமும் பத்திரமும் ஆகும்.

மருந்திடுமுன் ஆராயவேண்டியவை

1. சீட்டில் இப்பிராணியின் பெயர் உண்டா? 'நாய்' என்று மட்டும் இருந்தால் பூனைக்கு இடலாகாது.
2. வயதும் எடையும் சீட்டில் கண்ட வரம்பிற்குள் உள்ளனவா?
3. பிராணி சினையாகவோ, பாலூட்டுவதாகவோ, நோயுற்றோ, ஈறு வெளுத்தோ உள்ளதா?
4. முன்பு வலிப்போ ஒவ்வாமையோ கண்டதுண்டா?
5. சமீபத்தில் வேறு தெள்ளு மருந்தோ புழு மருந்தோ இட்டதுண்டா?
6. காலாவதி நாள் கடந்ததா?

இவற்றில் ஒன்றிற்கேனும் விடை ஐயமாயின், மருந்தை நிறுத்தி வைத்தியரைக் கேட்கவேண்டும். மருந்து கரைத்த நீரைக் குளத்திலும் கிணற்றருகிலும் கொட்டலாகாது. டெல்டாமெத்ரின் முதலியவை மீன்களையும் தேனீக்களையும் கொல்லும்.

விஷக் குறி கண்டால்

எச்சில் ஒழுகுதல், தள்ளாடுதல், நடுக்கம், கண்மணி விரிதல், பார்வை மங்குதல், வலிப்பு, மயக்கம் ஆகியவை விஷக் குறிகள். மேலே இட்ட மருந்தாயின், வெதுவெதுப்பான நீராலும் பாத்திரம் துலக்கும் சோப்பாலும் கழுவித் துடைத்து, உடல் குளிராமல் காக்கவேண்டும். பாலோ, எண்ணெயோ, புளிக்கரைசலோ புகட்டுவதும், வாந்தி எடுக்கச் செய்வதும் தீது. மயங்கிய பிராணிக்குப் புகட்டுவது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மருந்துப் புட்டியையும் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்திற்கு விரைக. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். ஐவர்மெக்டின் விஷத்திற்குத் தனி மாற்றுமருந்து இல்லையாயினும், பல நாள் பராமரிப்பால் பிழைக்கும் நாய்கள் உண்டு.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

ஆடு அறுக்கும் இடங்களில் குடலையும் ஈரலையும் நாய்களுக்கு எறியாமல் ஆழப் புதைக்கச் செய்தால், நீர்க்கட்டி நோயைப் பெரிதும் தடுக்கலாம். இதற்குச் செலவு சொற்பம். மேய்ப்பு நாய்களுக்குப் புழு மருந்து கொடுக்க, ஊராட்சியார் கால்நடை மருத்துவரைக் கொண்டு ஒருநாள் முகாம் நடத்துவது நன்று.

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. அப்பாதை நெடுகிலும் திரியும் நாய்களுக்குப் பக்தர்கள் அன்போடு உணவிடுகின்றனர். ஸ்ரீரமணாசிரமத்தில், 1948ல் மறைந்த லட்சுமி என்னும் பசுவின் சமாதியோடு ஒரு மானுக்கும், ஒரு காகத்திற்கும், ஒரு நாய்க்கும் சமாதிகள் உள்ள ஊர் இது. அவ்வன்பினால் யாரேனும் புழு மருந்தைச் சோற்றில் கலந்து தெருவில் வைப்பராயின், வலிய நாய் பல பங்கை விழுங்க, நலிந்த குட்டிக்கு ஒன்றும் கிட்டாது. பூனையும் அதைத் தின்னக்கூடும். எந்நாய் எவ்வளவு உண்டதென்று யாருக்கும் தெரியாது. தெரு நாய்களுக்கு மருந்திட விரும்புவோர், கால்நடை மருத்துவர் முன்னிலையில், ஒவ்வொன்றையும் பிடித்து எடையறிந்து கொடுக்குமாறு சொல்லவேண்டும்.

குடியானவர்கள் மாட்டு மருந்தையும், நாய் மருந்தையும், பயிர் மருந்தையும் வெவ்வேறிடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வைப்பார்களாக. எடையறிந்து, சீட்டைப் படித்து, ஐயம் வந்தபோது கேட்டு நடப்பவர் வீட்டில், காவல் காக்கும் பிராணியும் நலமுறும், அதனோடு விளையாடும் குழந்தையும் நலமுறும்.