கிழிந்த வலையைச் செப்பனிடுதல்

வேதபாடம்: 1 கொரிந்தியர் 1:10–17, 3:1–9, 11:17–34

கொரிந்து சபையின் நிலையைக் குலோவேயாளின் வீட்டார் மூலம் அறிந்த அப்போஸ்தலனாகிய பவுல், தமது நிருபத்தின் தொடக்கத்திலேயே பிரிவினையைக் குறித்துப் புத்தி சொல்லுகிறார். அங்கே அவர் கையாளும் இரண்டு கிரேக்கச் சொற்கள் கவனிக்கத்தக்கவை. பிரிவினையைக் குறிக்கும் சொல், பழைய வஸ்திரத்தில் உண்டாகும் பீறலுக்கும் வழங்குகிறது (மாற்கு 2:21). சீர்பொருந்துதலைக் குறிக்கும் சொல்லோ, யாக்கோபும் யோவானும் படவிலிருந்து வலைகளைப் பழுதுபார்த்ததற்கும் வழங்குகிறது (மாற்கு 1:19). கிழிந்த வலையில் மீன் நிற்பதில்லை. உலகம் விசுவாசிக்கும்படியாகவே கர்த்தரும் தம்முடையவர்கள் ஒன்றாயிருக்க வேண்டிக்கொண்டார் (யோவான் 17:21). ஆகையால், சபையின் ஒருமைப்பாடும் சுவிசேஷப் பணியும் பிரிக்கப்படக்கூடாதவை.

1. கிழிசல் தொடங்கிய இடம்

பவுல், அப்பொல்லோ, கேபா ஆகியோருக்குள் கொரிந்துவின் பொருட்டுப் பகை இருந்ததாக நிருபம் கூறவில்லை. சபையாரே அவர்களுடைய பெயர்களைக் கொடியாக உயர்த்தினார்கள். கிறிஸ்துவின் நாமத்தைக்கூட ஒரு கட்சியின் பெயராக்கினார்கள். கர்த்தருடைய பந்தியிலும் அந்தக் கிழிசல் தெரிந்தது: உள்ளவர்கள் முந்திப் புசித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடிருந்தார்கள். பக்தியின் போர்வைக்குள் மறைந்திருந்த பெருமையே இதற்கு வேர்.

2. பவுல் காட்டிய வழி

பவுல் முதலில் கண்டித்தது தமது பெயரால் கூடியவர்களையே. சிலுவையில் அறையப்பட்டவர் பவுல் அல்லவே என்று அவர்களுக்கு உணர்த்தினார். தாம் நட்டதையும் அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சியதையும் சமமாக வைத்து, விளையச்செய்த தேவனையே உயர்த்தினார். அதற்கும் மேலாக, கொரிந்துவுக்குப் போகும்படி அப்பொல்லோவையே மிகவும் வேண்டிக்கொண்டார். அப்பொல்லோவோ அச்சமயம் போக மனதற்றிருந்தார் (16:12). தன் ஆதரவாளரைச் சேர்த்துக்கொள்ள நினைக்கும் தலைவன் இப்படிச் செய்யமாட்டான். தன் பக்கத்தை விட்டுக்கொடுக்கிறவனே வலையைச் செப்பனிடத் தொடங்குகிறான்.

3. தரங்கம்பாடி தந்த சாட்சி

இந்திய மண்ணிலும் இது நடந்தது. 1919 மே மாதம் 1, 2 தேதிகளில், சீகன்பால்க் 1706-இல் வந்திறங்கிய தரங்கம்பாடியில் ஊழியர் 33 பேர் கூடினர். இருவர் தவிர அனைவரும் இந்தியர். தோர்னக்கல் பேராயர் அசரியா அவர்களுள் முதன்மையானவர். தேசத்தைக் கிறிஸ்துவுக்கு ஆதாயப்படுத்தும் மாபெரும் பொறுப்பின் முன்னே, தாங்கள் உண்டாக்காத பிரிவினைகள் தங்களைப் பலவீனப்படுத்துவதை அவர்கள் துக்கத்தோடு அறிக்கையிட்டனர்.

அதன்பின் 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை நீடித்தது. குருப்பட்டமே பெருந்தடையாயிருந்தது. பேராயர்கள் இல்லாத சபைகள் பேராயர் ஊழியத்தை ஏற்றன. ஆங்கிலிக்கன் சபையோ, மற்றச் சபைகளில் முன்பே அபிஷேகம் பெற்ற குருமாரை மறு அபிஷேகமின்றி ஏற்றது. இரு தரப்பாரும் ஒன்றை விட்டுக்கொடுத்தனர். 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அதைக் காணாமலே அசரியா 1945 ஜனவரி முதல் நாளில் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். 1970 நவம்பர் 29-இல் நாக்பூரில் ஆறு சபைகள் இணைந்து வட இந்தியத் திருச்சபையாயின.

4. இன்றைய அழைப்பு

எனினும், உடன்படிக்கையில் இடப்படும் கையொப்பம் இருதயத்தின் கிழிசலைத் தைத்துவிடாது. சாதி, சொத்து, பதவித் தேர்தல் ஆகியவற்றின் நிமித்தம் சகோதரன் சகோதரனை நீதிமன்றத்துக்கு இழுக்கும் அவலம் (6:1–8) இன்றும் தொடர்கிறது. ஒரே கிராமத்தில் இரு ஜெபவீடுகள் ஒன்றையொன்று தூற்றும்போது, அன்பின் சுவிசேஷத்தை அங்குள்ளோர் எப்படி நம்புவர்?

சத்தியத்தை விற்று ஒற்றுமையை வாங்கும்படி வேதம் கற்பிக்கவில்லை. சுய மேன்மையைச் சத்தியமென்று பெயரிட்டுக் காக்கவும் அது இடங்கொடுக்கவில்லை. பந்திக்கு வரும் ஒவ்வொருவரும் தன்னைத்தானே சோதித்தறிவாராக. ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பாராக (11:28, 33). மனஸ்தாபமுள்ள சகோதரனுடைய வாசலுக்கு முதலில் நடந்துபோகிறவர், அறுந்த வலையின் ஒரு கண்ணியை முடிகிறார். செப்பனிடப்பட்ட வலையையே ஆண்டவர் ஆழத்தில் போடச் சொல்லுவார்.