நீரில் மூழ்கிய இயந்திரம்

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிலாங்கூர் மாநிலத்தில் விடாது பெய்த மழையால் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஷா ஆலாமில் உள்ள தாமான் ஸ்ரீ மூடா மிகவும் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்றாகும். மக்கள் உயிர் பிழைக்க மேல்மாடிகளிலும் கூரைகளிலும் தஞ்சம் புகுந்தனர். வாசலில் நின்ற மகிழுந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் சேற்றுநீரில் மூழ்கின. அவ்வாண்டு வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட மொத்த இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என மலேசியப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் வாகனங்களின் இழப்பு மட்டும் ஏறத்தாழ 1 பில்லியன் ரிங்கிட் ஆகும்.

வேலைக்குச் செல்லவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் வாகனத்தையே நம்பியிருக்கும் குடும்பங்கள் பல. ஆகவே, வெள்ளம் வடிந்ததும் பலருக்கு எழும் முதல் எண்ணம், “வண்டி ஓடுமா?” என்பதுதான். உடனே சாவியைத் திருகிப் பார்க்கத் தோன்றும். ஆனால், வெள்ளத்தில் தப்பிய இயந்திரம் பழுதாவது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான்.

இதன் காரணத்தை அறிய, இயந்திரம் இயங்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இயந்திரத்தினுள் சிலிண்டர் எனப்படும் குழல்கள் உள்ளன. ஒவ்வொரு குழலிலும் பிஸ்டன் மேலும் கீழும் நகர்கிறது. அது மேலே எழும்போது, உள்ளிருக்கும் காற்றையும் எரிபொருளையும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்துகிறது. காற்று அழுத்தத்திற்கு இணங்கிச் சுருங்கும். நீரோ அவ்வாறு சுருங்காது. காற்று நுழையும் வழியாகக் குழலுக்குள் நீர் புகுந்திருந்தால், மேலெழும் பிஸ்டன் அந்நீரில் மோதித் தடைப்படும். அவ்வேளையில் பிஸ்டனைத் தாங்கும் உருக்குத் தண்டு வளைந்துவிடலாம். இயந்திரத்தின் உடற்பகுதியே உடைந்துபோகவும் கூடும். டீசல் இயந்திரம் காற்றை இன்னும் அதிகமாக அழுத்துவதால், அதில் இந்த ஆபத்து மேலும் அதிகம். அசையாமல் நின்று நனைந்த இயந்திரத்தைச் சுத்தம் செய்து மீட்கலாம். தண்டு வளைந்துவிட்டாலோ இயந்திரத்தைப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும். சில வேளைகளில் புதிய இயந்திரமே தேவைப்படும்.

எனவே, முதலில் வாகனத்தில் படிந்துள்ள சேற்றுக்கோட்டைக் கவனிக்க வேண்டும். நீர் எந்த உயரம்வரை ஏறியது என்பதை அக்கோடு காட்டும். அடுத்து, பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இதனால் மின்கசிவு தவிர்க்கப்படும். யாரும் தவறுதலாக இயந்திரத்தை முடுக்கிவிடவும் முடியாது. பின்னர், இழுவை வண்டியின் உதவியுடன் வாகனத்தைப் பட்டறைக்குக் கொண்டு செல்வதே பாதுகாப்பானது.

பட்டறையில் பழுதுபார்ப்பவர் காற்று வடிகட்டியைத் திறந்து பார்ப்பார். அது நனைந்திருந்தால் நீர் உள்ளே சென்றிருக்க வாய்ப்புண்டு. எண்ணெய் அளவுகோலையும் இழுத்துப் பார்ப்பார். எண்ணெய் பால் கலந்த தேநீரைப் போல வெளுத்திருந்தால், அதில் நீர் கலந்துவிட்டது என்பது உறுதி. எண்ணெயைவிட நீர் கனமானது. ஆதலால், அது எண்ணெய்த் தொட்டியின் அடியில் தங்கும். அடிமூடியைத் திறந்ததும் முதலில் நீரும், பிறகு எண்ணெயும் வெளியேறுவதைக் காணலாம்.

அதன்பின், ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தும் கழற்றப்படும். இயந்திரத்தின் சுழல்தண்டைக் கைக்கருவியால் மெதுவாகச் சுற்றினால், குழல்களில் தேங்கிய நீர் அந்தத் துளைகளின் வழியே வெளியே வரும். அந்நீரில் பெட்ரோலும் கலந்திருக்கலாம் என்பதால் அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. குழல்களை உலர்த்தி, துருப்பிடிக்காமல் இருக்கச் சிறிது எண்ணெய் விடுவார்கள். புதிய எண்ணெயும் வடிகட்டியும் மாற்றிய பிறகே இயந்திரத்தைச் சற்று நேரம் இயக்கிப் பார்ப்பார்கள். எஞ்சிய ஈரம் அந்த எண்ணெயிலும் கலக்கும். ஆகவே, எண்ணெயை மீண்டும் ஓரிரு முறை மாற்ற வேண்டியிருக்கும். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய், எரிபொருள் தொட்டி, மின்கம்பி இணைப்புகள் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும்.

அவசரம் கூடாது என்பதற்காகக் காலம் தாழ்த்துவதும் தவறு. நீர் வடிந்ததும் காற்றும் ஈரமும் சேர்ந்து சில நாள்களிலேயே உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய பிஸ்டன் குழலோடு ஒட்டிக்கொண்டால் மீட்பு கடினமாகும். கடல்நீர் கலந்த வெள்ளமாயின் துரு இன்னும் விரைவாகப் பரவும்.

எல்லா வாகனங்களையும் மீட்டுவிட முடியும் என்று சொல்வதற்கில்லை. இக்கால மகிழுந்துகளில் மின்னணுக் கருவிகள் பல உள்ளன. நீர் ஓட்டுநரின் முன்பலகைவரை ஏறியிருந்தால், பழுதுபார்க்கும் செலவு வாகனத்தின் விலையையே மிஞ்சக்கூடும். மின்சார வாகனங்களிலும் கலப்பின வாகனங்களிலும் உயர் மின்னழுத்தம் இருப்பதால், பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரும் அவற்றைத் தொடக்கூடாது. சாதாரண வாகனக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் பெரும்பாலும் அடங்குவதில்லை. அதனைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காப்புறுதி எடுத்திருப்பவர்கள், பழுதுபார்க்கத் தொடங்குமுன் சேற்றுக்கோடு தெரியும்படி நிழற்படங்கள் எடுத்துவைப்பது நல்லது.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. வெள்ளம் வடிந்த வாசலில், சாவியைத் திருகாமல் பேட்டரியைக் கழற்றும் நிதானம் ஒரு குடும்பத்தின் பல்லாயிரம் ரிங்கிட்டைக் காக்கும்.