சிறிதாயினும் தினந்தோறும்
(பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும்)

பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு பதற்றம் குடியேறிவிடுகிறது. "ஹஜ்ரத், பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது, இந்தப் பேனாவில் ஓதி ஊதித் தாருங்கள்" என்று பள்ளிவாசலைத் தேடி வரும் பெற்றோரை ஆண்டுதோறும் நாம் காண்கிறோம். துஆ கேட்பது நல்லதே. அடியான் கேட்பதை அல்லாஹ் விரும்புகிறான். ஆனால் அதே பெற்றோரிடம், "பிள்ளை தினமும் எந்த நேரத்தில் படிக்கிறான்? படித்ததை யாரிடம் ஒப்பிக்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வருவதில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதா, அவிழ்த்து விட்டுவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா என்று ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். முதலில் கட்டு, பிறகு பொறுப்புச் சாட்டு என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஊதி வாங்கிய பேனா மூடியைத் திறக்குமுன் ஒட்டகம் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதைக் கட்டும் கயிறுதான் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றியே இம்மாதம் பேச விரும்புகிறோம்.

உலகக் கல்விதானே என்று எண்ணலாமா?

"இது பள்ளிக்கூடப் படிப்புத்தானே, மார்க்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கின்றனர். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் பதினோரு வயதுச் சிறுவர். யூதர்களுடன் நடக்கும் கடிதப் போக்குவரத்துக்காக அவர்களுடைய எழுத்தைக் கற்கும்படி அவருக்குக் கட்டளையிடப்பட்டது. அரை மாதம் முடிவதற்குள் அவர் அதைக் கற்றுத் தேர்ந்தார். பின்னாளில் திருக்குர்ஆனை ஒன்று திரட்டும் மாபெரும் பொறுப்பு அதே கரங்களில்தான் ஒப்படைக்கப்பட்டது. பயனுள்ள கல்வியை நல்ல நிய்யத்துடன் கற்பது நன்மையாகவே எழுதப்படும். ஆகவே புத்தகத்தைத் திறக்கும்போதே, "இதைக் கொண்டு ஹலாலாகச் சம்பாதிப்பேன், பெற்றோரைப் பேணுவேன், மக்களுக்குப் பயன்படுவேன்" என்று பிள்ளை நிய்யத் வைத்துக்கொள்ளட்டும்.

வெள்ளமா, ஊற்றா?

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, குறைவாக இருப்பினும் நிலையாகச் செய்யப்படுவதே என்னும் கருத்துள்ள நபிமொழியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது பதிவாகியுள்ளது. தொழுகைக்கும் ஓதலுக்கும் மட்டுமல்ல, படிப்புக்கும் இது பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுபுஹுக்குப் பின் தினமும் 40 நிமிடம் படிக்கும் பிள்ளை ஆறு மாதத்தில், அதாவது 180 நாட்களில், 120 மணி நேரம் படித்துவிடுகிறான். பரீட்சைக்கு முந்திய பத்து நாட்கள் உறக்கத்தைக் கெடுத்துத் தினமும் பன்னிரண்டு மணி நேரம் படிப்பவனுக்கும் அதே 120 மணி நேரம்தான். முன்னவனின் படிப்பு ஊற்று நீர்போல உள்ளே தங்கும். பின்னவனின் படிப்பு வெள்ளம்போல வந்து, வந்த வேகத்தில் வடிந்துவிடும். உடல் நலமும் அதனுடன் போய்விடும்.

ஐந்து முளைகள்

பழக்கம் ஏன் நிலைப்பதில்லை? "நேரம் கிடைக்கும்போது படிப்பேன்" என்று சொல்வதால்தான். நேரம் தானாகக் கிடைக்காது. அதை எதனோடாவது கட்டிவைக்க வேண்டும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு அல்லாஹ் தினமும் ஐந்து முளைகளை நட்டுத் தந்திருக்கிறான். "காலை ஐந்தரை மணிக்குப் படிப்பேன்" என்பதைவிட, "சுபுஹு தொழுத பாயிலிருந்து எழுந்ததும் படிப்பேன்" என்பது உறுதியான ஏற்பாடு. ஒரு செயல் முடிந்ததும் அடுத்த செயல் தானாக நினைவுக்கு வரும்.

சுமார் 800 ஆண்டுகளுக்கு முன், 'ஹிதாயா' ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் ஸர்னூஜீ (ரஹ்) அவர்கள், கல்வி கற்கும் முறையைப் பற்றியே 'தஃலீமுல் முதஅல்லிம்' என்றொரு நூலை எழுதினார்கள். மதரஸா மாணவர்கள் இன்றும் அதை ஓதுகின்றனர். படிப்பதற்குச் சிறந்தவையாக ஸஹர் நேரத்தையும், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தையும் அதில் குறிப்பிடுகின்றார்கள். ஒரு பாடத்தில் சலிப்புத் தட்டினால் வேறொரு பாடத்துக்கு மாறிக்கொள்ளும்படியும் சொல்கின்றார்கள். இதை வைத்து ஒரு சிறிய ஏற்பாட்டைக் கூறுகிறோம்.

சுபுஹுக்குப் பின்: கடினமான பாடம், மனனம் செய்ய வேண்டியவை. தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் வேண்டி நாயகம் (ஸல்) அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள்.

அஸருக்குப் பின்: விளையாட்டு, ஓய்வு, உறவினரிடம் பேச்சு. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு.

மஃரிபுக்குப் பின்: கணக்குப் போடுதல், எழுதிப் பார்த்தல், அன்றைய வீட்டுப்பாடம்.

இஷாவுக்குப் பின்: பழைய பாடத்தை ஒருமுறை புரட்டிவிட்டு உறக்கம். இஷாவுக்கு முன் உறங்குவதையும், அதன்பின் வீண்பேச்சில் இருப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. நமது காலத்தில் அந்த வீண்பேச்சு கைபேசியின் உருவில் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. இஷாவுக்குப் பின் வீட்டிலுள்ள எல்லாருடைய கைபேசியும் ஒரே மேசையில் வைக்கப்படட்டும். வாப்பாவின் கைபேசி முதலில் வைக்கப்படட்டும்.

"பரீட்சை முடியட்டும், பிறகு தொழலாம்" என்று பிள்ளைக்குச் சலுகை தரும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். தொழுகையை விடுவதால் மிஞ்சுவது சில நிமிடங்கள். ஆனால் நாள் முழுவதையும் தாங்கி நிற்கும் முளைகளையே பிடுங்கிவிடுகிறோம். பர்ளை விட்ட பாவம் அதற்கு மேல்.

மறதிக்கு மருந்து

"படித்தேன் ஹஜ்ரத், மறந்துவிட்டது" என்பது மாணவர்களின் பொதுவான முறையீடு. மறதி இயற்கையானது. கட்டிய ஒட்டகத்தைக் கவனித்துக்கொண்டே இராவிட்டால் அது ஓடிவிடுவதைப் போல, திரும்பத் திரும்ப ஓதாவிட்டால் திருக்குர்ஆனும் நெஞ்சை விட்டு அகன்றுவிடும் என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அந்த நாயகத்துடனேயே ஒவ்வொரு ரமழானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் திருக்குர்ஆனை மீள்பார்வை செய்தார்கள். கடைசி ஆண்டில் இருமுறை செய்தார்கள். ஹிஃப்ழு மதரஸாவில் ஓதும் பிள்ளையும் புதுப்பாடத்தோடு நிறுத்துவதில்லை. அண்மையில் ஓதியதையும் பழைய ஜுஸ்உகளையும் நாள்தோறும் உஸ்தாதிடம் ஒப்பித்தாக வேண்டும்.

இமாம் ஸர்னூஜீ (ரஹ்) அவர்கள் இதற்கு ஓர் எண்ணிக்கையே தருகின்றார்கள். நேற்றைய பாடத்தை ஐந்து முறை, முந்தாநாள் பாடத்தை நான்கு முறை, அதற்கு முந்தியதை மூன்று, அதற்கும் முந்தியதை இரண்டு, அதற்கும் முந்தியதை ஒருமுறை திருப்ப வேண்டும். திங்கட்கிழமை படித்த பாடம் செவ்வாய் முதல் சனி வரை இவ்வாறு பதினைந்து முறை நெஞ்சைத் தட்டிவிடும். ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹாஸ் என்பவர் தம்மையே சோதித்து 1885இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே மறந்துபோகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்று அவர் கண்டார்.

திருப்புவது என்றால் திறந்த புத்தகத்தைக் கண்ணால் மேய்வதன்று. ஹிஃப்ழுப் பிள்ளை முஸ்ஹஃபை மூடிவிட்டுத்தான் ஒப்பிக்கிறான். பள்ளிக்கூடப் பாடத்தையும் அப்படியே மூடி வைத்துச் சொல்ல வேண்டும் அல்லது எழுத வேண்டும். பிறகு திறந்து, விட்டதைச் சரிபார்க்க வேண்டும். அதிகம் படிக்காத உம்மாவும் இதற்கு உதவலாம். "உம்மா, ஒப்பிக்கிறேன், கேளுங்கள்" என்று பிள்ளை சொல்லும்போது சற்று நேரம் எதிரில் உட்கார்ந்தால் போதும். உம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்துவிட்டால் பாடம் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று பொருள். வாரம் ஒருமுறை பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து, முழு நேரமும் எழுதிப் பழகுவது மிக அவசியம்.

ஒருநாள் தவறினால்?

காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், ஒருநாள் ஏற்பாடு தவறும். "இனி அவ்வளவுதான்" என்று பல பிள்ளைகள் அங்கேயே விட்டுவிடுகின்றனர். தொழுகை தவறிவிட்டால் மார்க்கம் என்ன சொல்கிறது? நினைவு வந்ததும் களாச் செய்யச் சொல்கிறது. தொழுகையையே விட்டுவிடச் சொல்லவில்லை. பாடத்துக்கும் களா உண்டு என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். இலண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதுப்பழக்கம் தானாக நடைபெறும் நிலைக்கு வர சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதும் என்றும், சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகலாம் என்றும் கணக்கிட்டனர். இடையில் ஒருநாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே பொறுமை வேண்டும். பிறர் பிள்ளையோடு ஒப்பிடுவது வேண்டாம்.

ரமழானில் பரீட்சை வந்தால்

2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் தமிழகத்துப் பொதுத்தேர்வு நாட்களில் ரமழான் வந்தது. பரீட்சையைக் காரணம் காட்டி நோன்பை விடலாமா என்று பல வீடுகளில் கேட்டார்கள். நோன்பைப் பிற்படுத்த திருக்குர்ஆன் கூறும் காரணங்கள் நோயும் பயணமுமாகும். பரீட்சை மட்டும் அதற்குக் காரணமாகாது. பிள்ளைக்கு உடல்நிலை தாங்காத நிலை நேர்ந்தால் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டு நடக்க வேண்டும்.

நோன்பை எளிதாக்குவது வீட்டாரின் கையில் இருக்கிறது. ஸஹர் உணவைத் தவறவிடக் கூடாது. நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை தண்ணீரைச் சிறிது சிறிதாக நிறையக் குடிக்கச் செய்யுங்கள். தராவீஹ் சுன்னத்தாகும், பரீட்சைக்கு முன்னிரவில் பிள்ளை வீட்டிலேயே சுருக்கமாகத் தொழுதுவிட்டு உறங்கினால் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த ஆண்டுகளில் நடந்தபடி காலை 10 மணிக்குத் தொடங்கி 1.15க்குத் தேர்வு முடியுமானால், அதன்பின் லுஹர் தொழ இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தேர்வுதான் சிக்கல். அன்று ஊரில் ஒரு பள்ளிவாசலிலாவது குத்பாவைச் சற்றுப் பிந்தி வைக்க ஜமாஅத் நிர்வாகிகள் முன்வந்தால், எத்தனையோ பிள்ளைகளுக்கு ஜும்ஆ கிடைக்கும்.

வீட்டாரின் பங்கு

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பி புத்தகத்துடன் அறையில் இருக்கிறான். அதே வகுப்புப் படிக்கும் அக்கா மகளோ, வீட்டுப் பெண்ணோ, வடை சுட்டுக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் இருக்கிறாள். இது நீதியா? பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியுள்ளார்கள். பரீட்சை முடியும் வரை இஃப்தாருக்குக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் போதும் என்று வீட்டார் முடிவெடுத்தால் ஒரு மகளின் எதிர்காலம் திறக்கும். அதுபோல, பள்ளி விட்டதும் மகனைக் கடையில் கல்லாவில் உட்கார வைக்கும் வாப்பாமார்களும் இந்தச் சில மாதங்கள் அவனை விட்டுவிட வேண்டும்.

பிட் அடிப்பதைச் சாமர்த்தியம் என்று வீட்டில் சிரித்துப் பேசாதீர்கள். உணவுத் தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து வைத்தவரையே நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி வாங்கும் மதிப்பெண்ணும் அந்த ஈரத் தானியமே.

இறுதியாக, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்தைச் சொல்கிறோம். முடிவு வெளியாகும் நாட்களில், மதிப்பெண் குறைந்ததால் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்தி நாளிதழில் வருகிறது. நெஞ்சு நடுங்குகிறது. உங்கள் பிள்ளையிடம் முடிவு வருமுன்பே சொல்லிவிடுங்கள்: "மகனே, மகளே, முயற்சி உன் பொறுப்பு, முடிவு அல்லாஹ்வின் பொறுப்பு. எண் எதுவானாலும் நேராக வீட்டுக்கு வா, சேர்ந்து சாப்பிடலாம்." தவறியவர்களுக்கு அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு நடக்கிறது, ஆண்டு வீணாவதில்லை. பிள்ளை பேசாமல் முடங்கிக் கிடந்தால் தனியே விடாதீர்கள். அரசின் 104, 14416 ஆகிய எண்களில் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும். உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். மதிப்பெண் பட்டியல் அதற்கு ஈடாகாது.

கல்வியை அதிகப்படுத்தித் தரும்படி கேட்க அல்லாஹ் தன் திருநபிக்கே கற்றுக்கொடுத்த துஆ 'தாஹா' அத்தியாயத்தில் இருக்கிறது. இன்று சுபுஹுக்குப் பின் அதை ஓதிவிட்டு, பிள்ளை ஒரே ஒரு பாடத்தைத் திறக்கட்டும். நாளையும் அதே நேரத்தில், அதே இடத்தில் திறக்கட்டும்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதில் நிலைத்திருக்கும் பழக்கத்தையும், ஈருலக வெற்றியையும் தந்தருள்வானாக! ஆமீன்.