பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவோம்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வீடியோ கேசட் ஏதாவது இருக்கிறதா? கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஒன்றாவது இருக்கும். இருந்தால் இந்த மாதமே வெளியே எடுங்கள். வி.எச்.எஸ். கேசட் 1976-ல் ஜப்பானில் அறிமுகமானது. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்து வந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிளேயர்கள் இருக்கும்வரைதான் நமக்கு அவகாசம்.

எங்கள் வீட்டில் இருந்தவை இரண்டு கேசட்டுகள். 1992-ல் நடந்த அக்காவின் கல்யாணம். வீடியோக்காரர் முகூர்த்தம் முழுவதற்கும் சினிமாப் பாட்டுகளைச் சேர்த்துவிட்டார். பந்திக் காட்சியில் மட்டும் நிஜமான சத்தம் இருந்தது. அதில் அப்பா இலை இலையாகப் போய் விசாரிப்பார். அப்பா இப்போது இல்லை. அவர் குரல் வேறு எங்கும் பதிவாகவும் இல்லை.

முதலில் கேசட்டைப் பாருங்கள்

நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். ஆர்வத்தில் முதல் கேசட்டைப் பார்க்காமலேயே பிளேயரில் போட்டேன். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. டேப் உள்ளே சிக்கிக் கசங்கியது. மாப்பிள்ளை அழைப்பில் சில நிமிடங்கள் போனது போனதுதான்.

கேசட்டின் கண்ணாடி வழியே டேப் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ நூல் போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. அதைப் பிளேயரில் போடக் கூடாது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அத்தகைய கேசட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை இல்லை என்றால், பிளே செய்யும் முன் ஒருமுறை கடைசிவரை ஃபார்வர்ட் செய்து, மீண்டும் ரீவைண்ட் செய்யுங்கள். ஒட்டிய சுருள்கள் பிரியும். முதலில் தேவையில்லாத ஒரு சினிமா கேசட்டை ஓட்டிப் பிளேயரைச் சோதிப்பது நல்லது. வி.சி.ஆர். என்றால், கேசட்டின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துவிடுங்கள். கைதவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது.

என்னென்ன தேவை?

1. ஓடும் நிலையில் உள்ள வி.சி.ஆர். அல்லது வி.சி.பி.
2. ஏ.வி. கேபிள். மஞ்சள் முனை படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு.
3. யு.எஸ்.பி. வீடியோ கேப்ச்சர் கருவி. ஒரு முனையில் ஏ.வி. கேபிளும் மறுமுனையில் கம்ப்யூட்டரும் இணையும்.
4. ஓ.பி.எஸ். ஸ்டூடியோ. இது இலவச மென்பொருள்.
5. ஹார்ட் டிஸ்க்கில் காலி இடம். கீழே சொல்லும் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3.6 ஜி.பி. ஆகும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 11 ஜி.பி.

செட்டிங்ஸ்

கருவியை இணைத்து, அதற்கான டிரைவரை நிறுவுங்கள். ஓ.பி.எஸ்.ஸைத் திறந்து, சோர்சஸ் பகுதியில் உள்ள பிளஸ் குறியைக் கிளிக் செய்து, வீடியோ கேப்ச்சர் டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கருவியின் பெயரையும், ரெசல்யூஷனாக 720க்கு 576 என்பதையும் கொடுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால் பயப்பட வேண்டாம். கான்ஃபிகர் வீடியோ பட்டனை அழுத்தி, என்.டி.எஸ்.சி. என்று இருப்பதைப் பால்-பி என்று மாற்றுங்கள். இந்தியாவில் எடுத்த கேசட்டுகள் பால் முறையைச் சேர்ந்தவை. ஒலி வரவில்லை என்றால், அதே பெட்டியில் ஆடியோ டிவைஸாகக் கேப்ச்சர் கருவியைத் தேர்ந்தெடுங்கள். மைக்கை மியூட் செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக் குக்கர் விசிலும் கல்யாணத்தில் சேர்ந்துவிடும்!

இனி செட்டிங்ஸ் மெனுவில் வீடியோ பகுதிக்குச் சென்று, இரண்டு ரெசல்யூஷன்களையும் 768க்கு 576 என்றும், எஃப்.பி.எஸ். 50 என்றும் மாற்றுங்கள். இது பழைய டி.வி.யின் 4க்கு 3 வடிவம். படம் திரையை நிரப்பாவிட்டால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து, டிரான்ஸ்ஃபார்ம் மெனுவில் ஸ்ட்ரெச் டு ஸ்கிரீன் கொடுங்கள். அதே ரைட் கிளிக் மெனுவில் டிஇன்டர்லேசிங் என்பதில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுத்தால், ஆட்கள் நகரும்போது தெரியும் சீப்புப் பல் போன்ற கோடுகள் மறையும். அவுட்புட் பகுதியில் வீடியோ பிட்ரேட் 8000 என்றும், ரெக்கார்டிங் குவாலிட்டி சேம் ஆஸ் ஸ்ட்ரீம் என்றும், ஃபார்மட் எம்.கே.வி. என்றும் கொடுங்கள்.

ஏன் எம்.கே.வி.? சாதாரண எம்.பி.4 ஆகப் பதியும்போது நடுவில் கரண்ட் போனால் முழு ஃபைலும் திறக்காமல் போகலாம். எம்.கே.வி.யில் அதுவரை பதிந்தது தப்பிக்கும். முடிந்தபின் ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் மூலம், தரம் குறையாமல் எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

பதிவு

முதலில் இரண்டு நிமிடம் மட்டும் பதிந்து, படமும் ஒலியும் சரியா என்று பாருங்கள். பிறகு ஸ்டார்ட் ரெக்கார்டிங் கொடுத்துவிட்டு, பிளே பட்டனை அழுத்துங்கள். இதில் குறுக்குவழி கிடையாது. மூன்று மணி நேரக் கேசட் பதிய மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் வேறு வேலை செய்யாதீர்கள். ஸ்லீப் வசதியையும் அணைத்து வையுங்கள்.

கேசட் முழுவதையும் பதியுங்கள். சலிப்பான பகுதி என்று எதையும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஃபார்வர்ட் செய்து தள்ளிய பந்திக் காட்சிதான் இன்று விலை மதிக்க முடியாததாக இருக்கிறது. வெட்டி ஒட்டி அழகுபடுத்த வேண்டுமானால் பிரதி எடுத்து அதில் செய்யுங்கள். மூலப் பதிவில் கை வைக்காதீர்கள்.

பாதுகாப்பு

ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஃபைல் காப்பி ஆகவில்லை என்றால் அது ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் உள்ளவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். கேசட்டைத் தூக்கி எறியாமல், ஈரம் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

முதல் கேசட்டின் கதையை அக்காவிடம் தயங்கித் தயங்கிப் போனில் சொன்னேன். "அது போகட்டும்டா. அப்பா பேசுறது இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது. அடுத்த ஞாயிறு அவளுடைய பிரதியோடு ஊருக்குக் கிளம்புகிறேன்.